பழைய கார் வாங்கப் போறீங்களா? அறிகுறி வாரியா என்ன பாக்கணும், எப்ப கிளம்பி வந்துடணும்

பத்து பன்னெண்டு வருஷம் ஓடுன கார்ல கோளாறு இல்லாம இருக்காது, அத எதிர்பார்த்துட்டே போங்க. நாம பாக்க வேண்டியது, இருக்கிற கோளாறு விலையில கழிச்சு வாங்கி சரி பண்ணிக்கிற ரகமா, இல்ல எவ்ளோ குறைச்சுக் குடுத்தாலும் வேணாம்னு கிளம்பி வர்ற ரகமாங்கறது தான். சஸ்பென்ஷன் சத்தம், தேஞ்ச டயர், கிளட்ச் பிளேட் எல்லாம் முதல் ரகம், எந்த பட்டறையில கேட்டாலும் இவ்ளோ ஆகும்னு சொல்லிடுவாங்க. தண்ணியில மூழ்கின வண்டி, சேஸ் அடிபட்ட வண்டி, பேப்பர் சரியில்லாத வண்டி எல்லாம் ரெண்டாவது ரகம். பழைய கார் வாங்கி விக்கிற கன்சல்டிங்ல போய் நின்னா கண்ணு முதல்ல போறது பாலிஷ் போட்ட பெயிண்ட்லயும் புது சீட் கவர்லயும் தான், அதனாலதான் அறிகுறிய வச்சு ஒண்ணொண்ணா எழுதறேன். நம்ம ஊர்ல அதிகமா கை மாறுற ஆல்ட்டோ, வேகன்ஆர், சான்ட்ரோ, ஐ10, ஸ்விஃப்ட் டீசல், இண்டிகா, இன்னோவா மாதிரி வண்டிங்கள மனசுல வச்சு எழுதினது இது.

போறப்ப ஒரு பிரிட்ஜ் மேக்னட், டார்ச், பழைய வெள்ளைத் துணி எடுத்துக்கோங்க. வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான எர்ரர் கோட படிக்கிற புளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒண்ணு ஆயிரம் ரூபாய்க்கு உள்ளயே கிடைக்குது, போன்ல ஆப் போட்டா போதும். காலையில வெளிச்சத்துல போங்க. ராத்திரியும் வேணாம், மழையில நனைஞ்ச வண்டியும் வேணாம், ரெண்டுலயும் ஒடுக்கு, பட்டி எதுவும் தெரியாது. முக்கியமா முந்தின நாளே போன் பண்ணி "நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணா"ன்னு சொல்லிடுங்க.

நீங்க போகும்போதே பானட் சூடா இருக்கு

போனதும் முதல் வேலை பானட் மேல கை வைக்கிறது. சூடா இருந்தா காலையிலயே ஸ்டார்ட் பண்ணி ஓட விட்டுருக்காங்க. பழைய என்ஜினோட பாதி வியாதி முதல் ஸ்டார்ட்ல தான் வெளிய வரும், ஸ்டார்டிங் ட்ரபுள், நீலப்புகை, செயின் சத்தம், ஹைட்ராலிக் டாப்பெட் சத்தம் எல்லாம் சூடான அப்புறம் அடங்கிடும். வீட்டுக்காரர் பையன ஸ்கூல்ல விட்டுட்டு வந்திருக்கலாம், அதுல தப்பில்ல. ஆனா அப்படின்னா டீ குடிச்சுட்டு காத்திருக்காம இன்னொரு நாள் காலையில வரேன்னு சொல்லிடுங்க, ஒரு மணி நேரத்துல என்ஜின் முழுசா ஆறாது. திரும்ப போறப்பவும் சூடா இருந்தா அந்த வண்டிய விட்டுடுங்க.

சாவி போட்டதும் மீட்டர்ல லைட் சரியா எரியல

எல்லாரும் "ஓடும்போது வார்னிங் லைட் எரியுதா"ன்னு தான் பாக்கறாங்க. அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, எரிய வேண்டிய நேரத்துல எரியுதாங்கறது. ஸ்டார்ட் பண்ணாம சாவிய ஆன்ல மட்டும் வைங்க. செக் என்ஜின், ஆயில், பேட்டரி, ஏபிஎஸ் இருந்தா ஏபிஎஸ், ஏர்பேக் இருந்தா ஏர்பேக், இத்தனையும் எரியணும். ஏர்பேக், ஏபிஎஸ் லைட் தன்னைத்தானே சோதிச்சுக்கிட்டு சில செகண்ட்ல தானா அணைஞ்சுடும். ஆயில், பேட்டரி, செக் என்ஜின் மூணும் ஸ்டார்ட் ஆன அப்புறம் அணையும்.

என் சித்தி பையனுக்கு ஒரு டீசல் ஸ்விஃப்ட் பாக்கப் போனப்ப நடந்தது இது. ஏர்பேக் இருக்கிற டாப் மாடல், பாக்க பளிச்சுன்னு இருந்துச்சு. சாவிய ஆன்ல வச்சா ஏர்பேக் லைட் எரிஞ்சுது, அப்படியே எரிஞ்சுட்டே இருந்துச்சு. பத்து செகண்ட் ஆச்சு, அரை நிமிஷம் ஆச்சு, அணையல. ஸ்டார்ட் பண்ணதும் பேட்டரி லைட்டும் ஏர்பேக் லைட்டும் ஒரே நேரத்துல அணைஞ்சுது. திரும்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணி பாத்தோம், அதே தான். ஏர்பேக் லைட்டோட வயர எடுத்து பேட்டரி லைட்டோட சேர்த்து கட்டியிருந்தாங்க. டாஷ்போர்டுல பயணி பக்கத்து ஏர்பேக் மூடி மேல டார்ச் அடிச்சு பாத்தா விளிம்புல ஒட்டின தடம் தெரிஞ்சுது. அதாவது எங்கயோ முட்டி ஏர்பேக் வெடிச்சிருக்கு, புதுசு போடல, லைட்ட மட்டும் ஏமாத்தி வச்சிருக்காங்க. வித்தவர்கிட்ட கேட்டதுக்கு "அதெல்லாம் சென்சார் பிரச்சினைங்க, ரீசெட் பண்ணா போயிடும்"னார். அங்கயே கிளம்பிட்டோம். காசு போறது ஒரு பக்கம், அந்த வண்டில முன்னாடி உக்கார்றது நம்ம வீட்டு ஆளுங்க.

சில வண்டில செக் என்ஜின் லைட் எரியவே எரியாது, பல்ப கழட்டியிருப்பாங்க, இல்ல கருப்பு டேப் ஒட்டியிருப்பாங்க. அங்கதான் ஸ்கேனர் உதவும். 2013 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ் 4 (புகை கட்டுப்பாட்டு விதி) வண்டிங்கன்னா ஓபிடி 2 இருக்கும், எர்ரர் கோடு படிக்கலாம். கோடு எதுவுமே இல்லன்னா உடனே சந்தோஷப்படாதீங்க, ஆப்ல "ரெடினஸ் மானிட்டர்"னு ஒரு பக்கம் இருக்கும், வண்டி தன்னைத்தானே சோதிச்சு முடிச்சுதாங்கற பட்டியல் அது, அதுல நிறைய ஐட்டம் முடியலன்னு காட்டுச்சுன்னா கோட இப்பதான் அழிச்சிருக்காங்க இல்ல பேட்டரிய கழட்டி மாட்டியிருக்காங்கன்னு அர்த்தம்.

ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்குது, ஆனதும் கரகரன்னு சத்தம்

செல்ஃப் மெதுவா சுத்துனா பேட்டரியோ செல்ஃப் மோட்டாரோ தான், பெரிய விஷயமில்ல. மல்டிமீட்டர் இருந்தா பேட்டரில என்ஜின் ஆஃப்ல 12.5 வோல்ட்டுக்கு பக்கமாவும், ஓடும்போது 13.8 லேர்ந்து 14.4 க்குள்ளயும் காட்டணும், ஓடும்போது அதுக்கு கம்மின்னா பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர பாக்கணும். செல்ஃப் நல்லா சுத்தியும் டீசல் வண்டி பிடிக்கலன்னா தான் யோசிக்கணும். ஆறின வண்டி பிடிக்கலன்னா என்ஜின் உள்ள சூடு பண்ற குளோ பிளக்கா இருக்கலாம், கம்ப்ரெஷன் போயிருக்கலாம். நல்லா ஓட்டி சூடான அப்புறம் அணைச்சுட்டு திரும்ப ஸ்டார்ட் பண்றப்ப இழுத்துச்சுன்னா இன்ஜெக்டர் பக்கம் சந்தேகப்படுங்க, காமன் ரெயில் இன்ஜெக்டர் வேலை செலவு வைக்கும்.

ஸ்விஃப்ட், ரிட்ஸ், டிசைர் டீசல் எல்லாத்துலயும் இருக்கிறது ஃபியட்டோட 1.3 லிட்டர் மல்டிஜெட். இதே என்ஜின் டாடா இண்டிகா விஸ்டாலயும் மான்சாலயும் கூட வந்துச்சு, அதனால பார்ட்ஸ் பயம் வேணாம். மாருதி 2020 ஏப்ரலோட டீசல நிறுத்திட்டாங்க, அதனால நீங்க பாக்கிற எந்த மாருதி டீசலும் பழசு தான். அதுல காலையில முதல் ஸ்டார்ட்ல ரெண்டு மூணு செகண்டுக்கு மேல முன்பக்கம் செயின் உரசுற சத்தம் வந்தா டைமிங் செயினும் டென்ஷனரும் தேஞ்சிருக்கு. ஆயில் மாத்தாமயே ஓட்டின வண்டில இது சீக்கிரம் வரும். அதனால இந்த சத்தம் கேட்டா செயின் செலவ மட்டும் கணக்கு போடாதீங்க, டர்போவுக்கும் அதே ஆயில் தான் போயிருக்கு.

புகை

ஒருத்தர உள்ள உக்கார வச்சு ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு நீங்க சைலன்சர் பக்கம் நில்லுங்க. புகையோட கலர மட்டும் பாக்காம எப்ப வருதுங்கறதையும் பாருங்க, கோளாறு எதுன்னு அந்த நேரம் தான் சொல்லும்.

நீலப்புகை ஸ்டார்ட் பண்ணதும் ஒரு தடவ குப்புன்னு வந்துட்டு நின்னா வால்வு சீல் தேஞ்சு ராத்திரி முழுக்க ஆயில் சொட்டியிருக்கு. பெட்ரோல் வண்டில இது சமாளிக்கிற செலவு தான், விலையில கழிங்க. ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க நீலமா வந்துட்டே இருந்தா ரிங், போர் தேஞ்சுபோச்சு, என்ஜின் வேலைதான். டீசல்ல டர்போ சீல் போனாலும் இதே மாதிரி வரும். இன்டர்கூலர் ஹோஸ கழட்டி விரல் விட்டு பாத்தா லேசா ஆயில் பசை இருக்கும், அது சகஜம், சொட்டுற அளவு இருந்தா டர்போ. விசில் சத்தம் லேசா கேக்குறதும் சகஜம், ஆம்புலன்ஸ் வர்ற மாதிரி கேட்டா டர்போ பேரிங் போயிருச்சு.

வெள்ளைப்புகை காலையில ரெண்டு நிமிஷம் வந்து மறைஞ்சா அது வெறும் ஆவி, ஊட்டி கொடைக்கானல்னா இன்னும் கொஞ்ச நேரம் கூட வரும். என்ஜின் சூடான அப்புறமும் அடர்த்தியா வெள்ளையா வந்து, இனிப்பா ஒரு வாடை அடிச்சா கூலன்ட் உள்ள எரியுது, என்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கு. அதோட கீழ டெம்பரேச்சர் முள்ளு பகுதியில இருக்கிற மத்த அறிகுறியையும் பாருங்க.

கருப்புப்புகை டீசல்ல சட்டுனு மிதிக்கிறப்ப கொஞ்சம் வரும். பின்னாடி வர்ற டூவீலர்காரர் முகத்த மூடுற அளவு வந்தா ஏர் ஃபில்டர் அடைப்புல ஆரம்பிச்சு இஜிஆர் (புகைய திரும்ப என்ஜினுக்குள்ள விடுற வால்வு), இன்ஜெக்டர், டர்போ ஹோஸ் கிழிசல் வரைக்கும் எதுவா வேணா இருக்கலாம். ஏர் ஃபில்டர அங்கயே கழட்டி பாத்துடலாம், மத்ததுக்கு மெக்கானிக் தான்.

ஆயில் மூடிய திறந்தா காத்து அடிக்குது, இல்ல உள்ள வெண்மையா படிஞ்சிருக்கு

என்ஜின் ஐடில்ல ஓடுறப்ப ஆயில் ஊத்துற மூடிய திருகி லேசா தூக்கி வைங்க. லேசா காத்து வரும், மூடி அங்கயே அதிரும். மூடி தூக்கி எறியற அளவுக்கு புகையோட விட்டு விட்டு அடிச்சா அதத்தான் மெக்கானிக்குங்க பேக் கம்ப்ரெஷன்னு சொல்றாங்க, ரிங் வழியா காத்து கீழ இறங்குது. பழைய டீசல் வாங்கறப்ப இந்த ஒரு சோதனைய விடவே விடாதீங்க, இண்டிகா மாதிரி நிறைய ஓடின வண்டில இது தான் என்ஜின் உயிர் எவ்ளோ மிச்சம்னு காட்டும். என்ஜின பிரிச்சு போர் அடிச்சு ரிங் பிஸ்டன் போடுற செலவு, பழைய இண்டிகா வாங்கற விலைக்கு பக்கத்துலயே வந்து நிக்கும்.

மூடியோட உள்பக்கம் மோர் நிறத்துல கொழகொழன்னு படிஞ்சிருந்தா ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. டிப்ஸ்டிக்க எடுத்து வெள்ளைத் துணியில துடைச்சு பாருங்க, ஆயிலும் அதே நிறம்னா பேச்சே வேணாம். மூடியில மட்டும் கொஞ்சூண்டு இருந்து ஆயில் சுத்தமா இருந்தா கம்மி தூரம் மட்டுமே ஓடுற வண்டில ஈரம் படிஞ்சதா இருக்கும். டீசல் ஆயில் கருப்பா தான் இருக்கும், அத பாத்து பயப்படாதீங்க. அதே சமயம் ஆயில் புத்தம் புதுசா தேன் கலர்ல இருக்கு, சர்வீஸ் பில்லு மட்டும் இல்லன்னா எதுக்கு இப்ப மாத்துனாங்கன்னு கேளுங்க, சத்தத்த அடக்க கெட்டி ஆயில் ஊத்தி விக்கிறது உண்டு.

டெம்பரேச்சர் முள்ளு ஏறுது, இல்ல ஏறவே மாட்டேங்குது

ஆறின வண்டில மட்டும் ரேடியேட்டர் மூடிய திறங்க, சூடா இருக்கிறப்ப திறந்தா கொதிக்கிற தண்ணி முகத்துல அடிக்கும், யாரு சொன்னாலும் திறக்காதீங்க. உள்ள பச்சை இல்ல சிவப்பு கூலன்ட் இருக்கணும். துருக்கலர்ல செந்தண்ணியா இருந்தா வெறும் போர் தண்ணி ஊத்தியே ஓட்டியிருக்காங்க, உள்ள ரேடியேட்டர், வாட்டர் பம்ப் எல்லாம் அரிச்சிருக்கும். மேல எண்ணெய் மிதந்தா, ஸ்டார்ட் பண்ணதும் விடாம குமிழி வந்தா, ஆறின வண்டில ஒரு நிமிஷத்துலயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி ஆச்சுன்னா ஹெட் கேஸ்கெட் போயிருக்கு. ஹெட் ஒரு தடவ வளைஞ்ச வண்டி அப்புறமும் தொல்லை குடுத்துட்டே இருக்கும்.

முள்ளு ஏறாம இருக்கிறத நல்லதுன்னு நினைக்கிறவங்க நிறைய பேர். அரை மணி நேரம் பைபாஸ்ல ஓட்டியும் முள்ளு கீழயே கிடந்தா தெர்மோஸ்டாட்ட கழட்டி எறிஞ்சிருப்பாங்க, நம்ம ஊர்ல ஹீட் ஆகுற வண்டிக்கு பல பேர் பண்ற குறுக்கு வழி இது. என்ஜின் சரியான சூட்டுக்கே வராம மைலேஜ் குறையும், உள்ள தேய்மானம் கூடும். அத விட, எதுக்கு கழட்டினாங்கங்கற கேள்வி இருக்கே, அந்த வண்டி ஏற்கனவே ஹீட் ஆன வண்டி. ஏசிய ஃபுல்லா போட்டு வெயில்ல நிறுத்தி பத்து பதினைஞ்சு நிமிஷம் ஐடில்ல விட்டு பாருங்க, ஃபேன் ஓடி ஓடி நிக்கணும், முள்ளு நடுவுல நிக்கணும்.

ஓட்டிப் பாக்கறப்ப

கண்டிப்பா நீங்களே ஓட்டுங்க, பாட்ட அணைச்சுடுங்க, ஜன்னல இறக்குங்க. குண்டும் குழியுமா ஒரு ரோடு, ஒரு மேடு, கொஞ்சம் காலியான பைபாஸ், இந்த மூணும் கிடைக்கணும்.

கிளட்ச் கடைசில தான் பிடிக்குது, நாலாவது கியர்ல 40ல போறப்ப அமுக்கினா ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறல, இப்படின்னா கிளட்ச் செட் மாத்தணும். ரெண்டாவது கியர் போடுறப்ப கறக்குன்னு சத்தம் வந்தா சின்க்ரோ ரிங், கியர் பாக்ஸ இறக்கணும். வண்டி ஓடுறப்ப கியர் தானா நியூட்ரலுக்கு எகிறுச்சுன்னா வேண்டாம்.

ஸ்டியரிங்க முழுசா ஒரு பக்கம் ஒடிச்சு மெதுவா வட்டம் அடிங்க, டக் டக்னு வந்தா ஆக்சில் ஜாயின்ட். வேகம் கூட கூட ம்ம்ம்னு ஒரு சத்தம் ஏறுச்சுன்னா வீல் பேரிங், சில சமயம் டயர் மேடு பள்ளமா தேஞ்சாலும் இதே சத்தம் தான். ஸ்பீட் பிரேக்கர்ல லொடக்குன்னா லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுன்ட் இதுல ஒண்ணு. பிரேக் பிடிக்கிறப்ப பெடல் கால உதறுச்சுன்னா டிஸ்க் வளைஞ்சிருக்கு. இதெல்லாம் சில ஆயிரங்கள்ல முடியுற வேலை, பேரம் பேச நல்ல ஆயுதம், பயந்து ஓட வேண்டாம்.

கைய விட்டா வண்டி ஒரு பக்கமே இழுக்குதுன்னா அலைன்மென்ட்டா இருக்கலாம். ஆனா டயரோட உள் விளிம்பு மட்டும் மொழுக்கா தேஞ்சிருந்தா, "போன வாரம் தான் அலைன்மென்ட் பண்ணேன்"னும் சொன்னா, அடியில ஏதோ வளைஞ்சிருக்குன்னு எடுத்துக்கிட்டு பாடிய நல்லா பாருங்க. டயர்ல நாலு எண் ஒரு சின்ன கட்டத்துக்குள்ள இருக்கும், 1218ன்னா 2018ல 12வது வாரம் தயாரிச்சது. டயர் மேல பட்டன் தேயாம நல்லா இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டுன டயர் காஞ்சு கெட்டியாகிடும், மழையில பிடிக்காது. சின்ன வண்டிக்கே நாலு டயர் பத்தாயிரத்துக்கு மேல, அத விலையில கழிங்க.

ஏசி கூலிங் இல்லன்னா எல்லாரும் சொல்ற பதில் "கேஸ் மட்டும் போட்டா போதும் சார்". ஏசி கேஸ் பெட்ரோல் இல்ல, ஓட ஓட தீர்றதுக்கு. குறைஞ்சிருக்குன்னா எங்கயோ லீக் இருக்கு. பைப், கண்டன்சர்னா பரவால்ல, கூலிங் காயில்னா பல வண்டில டாஷ்போர்டையே இறக்கணும். "சரி, நீங்களே கேஸ் போட்டு வைங்க, அடுத்த வாரம் வந்து பாக்கறேன்"னு சொல்லுங்க, போட்டு வச்சு ஒரு வாரம் நின்னா நல்லது தான்.

பெயிண்ட் ஒரு இடத்துல வேற மாதிரி தெரியுது

வெயில்ல வண்டியோட பக்கவாட்டுல ஒட்டி நின்னு நீளவாக்குல பாருங்க, அலை அலையா தெரியுற இடத்துல டிங்கர் வேலை நடந்திருக்கு. மேக்னட்ட மெல்லிசு துணி சுத்தி வச்சு பாருங்க, பட்டி தடிப்பா இருக்கிற இடத்துல ஒட்டாது. பம்பர் பிளாஸ்டிக், அதுல வச்சு பாக்காதீங்க.

சென்னை, கோயம்புத்தூர் டிராபிக்ல பத்து வருஷம் ஓடின வண்டில பம்பர், ஃபெண்டர், ஒரு கதவு பெயிண்ட் அடிச்சிருக்கிறது சாதாரணம், அதுக்காக நல்ல என்ஜின விடாதீங்க. நாம தேடுறது வெல்டிங். பானட்ட திறந்தா ரெண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் தலை உக்கார்ற இடம் ஏப்ரன், அதுக்கு கீழ முன்னோக்கி போற பெட்டி மாதிரி இரும்பு தான் லாங் மெம்பர். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் சின்ன சின்ன வட்டமா ஒரே இடைவெளியில இருக்கும், அடிச்சு நிமித்துன இடத்துல அது இருக்காது, கிரைண்டர் தடம், சீலன்ட் தாறுமாறா பூசினது, கருப்பு ஸ்ப்ரே இதெல்லாம் தெரியும். அப்புறம் கதவ திறந்து ரப்பர் பீடிங்க கையால இழுத்து விட்டு பில்லர்ல அந்த வட்டங்கள் வரிசையா இருக்கான்னு பாருங்க. டிக்கி மேட்ட தூக்கி ஸ்டெப்னி உக்கார்ற பள்ளத்தையும் பாருங்க. பானட், கதவு கீல் போல்ட்டுல பெயிண்ட் உதிர்ந்து ஸ்பேனர் தடம் இருந்தா கழட்டி மாட்டியிருக்காங்க. எல்லா கதவு கண்ணாடியிலயும் ஓரத்துல வருஷக் குறியீடு ஒத்துப் போகணும், ஒண்ணு மட்டும் வேறன்னா அந்த பக்கத்த இன்னும் உன்னிப்பா பாருங்க. பில்லர், கூரை, லாங் மெம்பர் இந்த மூணுல எதுல வெல்டிங் தெரிஞ்சாலும் வேணாம். அடுத்த தடவ முட்டுறப்ப அந்த இரும்பு எப்படி மடங்கணும்னு கம்பெனி வடிவமைச்சுதோ அப்படி மடங்காது.

உள்ள ஒரு ஈர வாடை, நிறைய சென்ட் அடிச்சிருக்காங்க

2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2018 கேரளா, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல், அடுத்த ரெண்டே வாரத்துல தூத்துக்குடி திருநெல்வேலி, ஒவ்வொண்ணுலயும் நிறுத்தி வச்ச வண்டிங்க கூட்டம் கூட்டமா மூழ்குச்சு. இன்சூரன்ஸ்ல டோட்டல் லாஸ்னு முடிச்சு ஏலத்துல போற வண்டிய வாங்கி காய வச்சு கழுவி திரும்ப விக்கிறவங்க இருக்காங்க. ஊர் மாறி வரும், அதனால மதுரையில தானே வாங்கறோம்னு இருந்துடாதீங்க.

முன் சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும், இனிமே வராதுங்கற வரைக்கும் இழுங்க. எல்லாரும் கார்பெட்ட கழுவுவாங்க, சீட்ட கழுவுவாங்க, சுருளுக்குள்ள இருக்கிற அந்த கடைசி ஒன்றரை அடி பெல்ட்ட யாரும் கழுவறதில்ல. அதுல மண்கலர்ல கோடு, கறை, மொடமொடப்பு இருந்தா தண்ணி அந்த உயரத்துக்கு ஏறியிருக்கு. சீட்ட முன்ன பின்ன தள்ளி ரெயிலயும் போல்ட்டையும் பாருங்க, வண்டிக்குள்ள மழை படாம இருக்கிற இரும்பு துருப்பிடிக்க காரணமே இல்ல. சீட்டுக்கு அடியில இருக்கிற வயர் சாக்கெட்ல பச்சை பூத்திருக்கா, ஃபியூஸ் பாக்ஸ் மூலையில வண்டல் இருக்கா, ஹெட்லைட் உள்ள தண்ணி நின்ன கோடு இருக்கா. ஜன்னல மூடி ஏசி ப்ளோயர ஃபுல்லா வச்சா சென்ட்டையும் மீறி அந்த வாடை வரும். இந்த வண்டிங்க வாங்கினப்ப நல்லாத்தான் ஓடும், ஆறு மாசம் ஒரு வருஷம் கழிச்சு ஒவ்வொரு சென்சாரா, ஒவ்வொரு வயரா அரிச்சு ஆரம்பிக்கும், எந்த மெக்கானிக்காலயும் முழுசா சரி பண்ண முடியாது. பாதி விலைக்கு குடுத்தாலும் வேணாம்.

இன்னொரு தடயம் பழைய இன்சூரன்ஸ் பேப்பர்ல இருக்கு. என்சிபி, அதாவது கிளைம் எடுக்காததுக்கு குடுக்கிற தள்ளுபடி, எத்தனை சதவீதம்னு பாருங்க, கிளைம் எடுக்காத வருஷத்துக்கு தக்க 20, 25, 35, 45, 50ன்னு ஏறும், கிளைம் எடுத்தா பூஜ்யம். மூணு வருஷ பாலிசிய வாங்கி வரிசையா வச்சு பாத்தா எந்த வருஷம் விழுந்துச்சுன்னு தெரியும், அந்த வருஷம் என்ன ஆச்சுன்னு நேரா கேளுங்க. ஆனா என்சிபி ஓனரோடது, வண்டியோடது இல்ல, சமீபத்துல கை மாறின வண்டில பூஜ்யம் இருந்தா அது மட்டுமே தப்புன்னு சொல்ல முடியாது. தேர்ட் பார்ட்டி பாலிசில என்சிபியே வராது.

மீட்டர்ல 55 ஆயிரம், ஆனா பெடல் ரப்பர் மொழுக்குன்னு இருக்கு

"டாக்டர் ஓட்டின வண்டி, வீட்ட விட்டு எடுக்கவே மாட்டார்." டீசல் வண்டில இத கேட்டா யோசிங்க, ஓட்டாதவர் எதுக்கு கூட காசு குடுத்து டீசல் வாங்கினார்? மீட்டர குறைக்கிறது இப்ப பெரிய வேலையே இல்ல. பிரேக், கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டியரிங்ல கை வைக்கிற இடத்து மினுமினுப்பு, கியர் நாப், டிரைவர் சீட்ல ஏறி இறங்குற பக்கத்து அமுக்கம், இதெல்லாம் லட்சத்த தாண்டின தேய்மானம் காட்டி மீட்டர் 55 காட்டுனா மீட்டர நம்பாதீங்க. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஓனர கூட்டிட்டுப் போய் வண்டி நம்பர குடுத்து சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்க, எந்த தேதில எத்தனை கிலோமீட்டர்னு வரிசையா இருக்கும். டி போர்டுல, அதாவது டாக்ஸியா ஓடி ஓன் போர்டுக்கு மாத்தின வண்டியான்னும் பாத்துக்கோங்க, மஞ்சள் போர்டு துளை தடம், கூரையில கேரியர் தடம் எல்லாம் சொல்லும். லட்சத்து அம்பதாயிரம் ஓடி ஒழுங்கா சர்வீஸ் பில் வச்சிருக்கிற இன்னோவாவ, கதை சொல்ற 60 ஆயிரம் வண்டிய விட நான் தயங்காம எடுப்பேன்.

பேப்பர் பத்தி கேட்டா "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்"

என்ஜின் கோளாறுக்கு பட்டறை இருக்கு, பேப்பர் கோளாறுக்கு வருஷக்கணக்கா அலையணும்.

ஆர்சில இருக்கிற சேஸ் நம்பர், என்ஜின் நம்பர வண்டில இருக்கிறதோட ஒவ்வொரு எழுத்தா ஒப்பிடுங்க, சேஸ் நம்பர சுத்தி கிரைண்ட் பண்ணின தடம் இருந்தா போலீஸ் கேஸ் ஆகும், கிளம்பிடுங்க. அரசாங்கத்தோட எம்பரிவாகன் ஆப்ல நம்பர போட்டா ஆர்சி எது வரைக்கும், இன்சூரன்ஸ், லோன் எல்லாம் வரும். இ சலான் பாக்கி இருக்கான்னு தனியா பாருங்க. லோன் போட்ட வண்டின்னா பேங்க் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லங்கற லெட்டர்) லோன் நீக்குற ஃபார்ம் 35ம் கையில வந்தா தான் அட்வான்ஸ், "லோன் முடிஞ்சுது, லெட்டர் வந்துட்டே இருக்கு"ங்கறது செல்லாது. ஓனர் இறந்துட்டார்னா வாரிசு ஃபார்ம் 31 போட்டு முதல்ல அவங்க பேருக்கு மாத்தட்டும். பேர் மாத்துற ஃபார்ம் 29லயும் 30லயும் கையெழுத்து மட்டும் போட்டு வச்சு கை மாறிட்டே வந்த வண்டிங்க நிறைய, ஆர்சில இருக்கிறவர நேர்ல பாக்காம வாங்காதீங்க.

15 வருஷத்த நெருங்குற வண்டின்னா ஆர்சி ரெனீவல் செலவ சேர்த்துக்கோங்க. 2022 ஏப்ரல்லேர்ந்து காருக்கு ரெனீவல் கட்டணம் 5,000 ரூபாய், 20 வருஷம் தாண்டினா 2025 ஆகஸ்ட்லேர்ந்து 10,000, அதோட பசுமை வரி, எஃப்சிக்கு (வண்டி தகுதிச் சோதனை) தயார் பண்ற பெயிண்ட், டிங்கர் செலவு. ரெனீவல் அஞ்சு வருஷத்துக்கு கிடைக்கும். டெல்லியில 10 வருஷ டீசலுக்கும் 15 வருஷ பெட்ரோலுக்கும் வந்த கட்டுப்பாட்டால அங்கேர்ந்து மலிவா வந்த வண்டி நிறைய, அதுக்கு ஃபார்ம் 28ல என்ஓசி, தமிழ்நாட்டு வரி, புது நம்பர் எல்லாம் ஆகணும், அந்த செலவையெல்லாம் கூட்டிப் பாத்தா மலிவு பெருசா மிஞ்சாது.

பணம் குடுக்கிற அன்னைக்கே தேதியும் நேரமும் போட்டு டெலிவரி நோட் ரெண்டு பிரதி எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. ஒரே மாநிலத்துக்குள்ளன்னா வித்தவர் 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்கு தெரிவிக்கணும், வாங்கினவர் 30 நாளுக்குள்ள பேர் மாத்த விண்ணப்பிக்கணும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்துங்க, இல்லன்னா உங்க வண்டிக்கு ஆகுற சேதத்துக்கு கிளைம் வராது. பேர் மாறாத வண்டி விபத்துல சிக்கினா ஆர்சில பேர் இருக்கிறவர் தான் பொறுப்புன்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு, அதனால உங்க பழைய வண்டிய விக்கிறப்பவும் பேர் மாறினத ஆப்ல பாத்த அப்புறம் தான் நிம்மதி.

வாங்கியாச்சு, முதல் வாரம்

பில் இல்லாத எதையும் மாத்தாததா கணக்கு வச்சுக்கோங்க. என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல்னா டீசல் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் மாத்திடுங்க. பங்க்ல இப்ப கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், 2023 ஏப்ரலுக்கு முந்தின வண்டிங்க அதுக்குன்னு செஞ்சது இல்ல, அதனால பெட்ரோல் ரப்பர் பைப்ப எல்லாம் வளைச்சு பாத்து வெடிப்பு இருந்தா புதுசு போடுங்க, பானட் பக்கம் பெட்ரோல் வாடை அடிச்சா வண்டிய எடுக்கவே எடுக்காதீங்க. ஆல்ட்டோ 800, சான்ட்ரோ, பழைய 2.5 டீசல் இன்னோவா இதுல எல்லாம் டைமிங் பெல்ட். பெல்ட் மாத்தின பில் வித்தவர்கிட்ட இல்லன்னா முதல் நீண்ட பயணத்துக்கு முன்னாடியே பெல்ட், டென்ஷனர், முடிஞ்சா வாட்டர் பம்ப்பும் சேர்த்து மாத்திடுங்க, அதுக்கான காச வண்டி விலை பேசுறப்பவே ஒதுக்கி வச்சுட்டு போங்க.